மணிலாவில் என் ராசி

நவம்பர் 3, ஞாயிறு. கோவை விமான நிலையம்

இந்த டைரி உரக்கடைக்காரர் கொடுத்தது. பத்து மாதமாகக் கடை மேஜையடியில் சும்மா கிடந்தது. நேற்று எங்கள் ஊர் கிளப்பின் செயலாளர் ராமநாதன் சார் வந்து, "சென்னியப்பா, மணிலா போறே. பூல் ஆட்டத்துல பிலிப்பைன்ஸ்காரன், தைவான்காரன், சீனாக்காரனெல்லாம் எப்படி இத்தனை பெரிய ஆட்டக்காரங்கள உருவாக்கறான், நம்மளால ஏன் முடியலேன்னு பாத்து எழுதிட்டு வா. ஆண்டு விழாவுல படிக்கலாம்" என்றார். நான் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் பெயிலானவன். ஆசியாவையே ஒப்பிட்டு எழுதச் சொல்கிறார். சரிங்க சார் என்றுவிட்டேன். சரிங்க என்று சொல்வதற்குப் படிப்பு தேவையில்லை.

ஆண்டு விழாவில் கேட்பவர்களுக்கு என்னைப் பற்றி: ஈரோடு பெருந்துறை ரோட்டில் சீட் கவர் கடை வைத்திருக்கிறேன். பைக், கார், சோபா எல்லாம் தைப்பேன். கிளப்பின் பூல் மேஜைக்குத் துணி மாற்றுவதும் நான்தான். அப்படி ஒருநாள் மாற்றப் போனபோது கூட வந்த என் மகள் சுபிக்ஷா, மூலையில் கிடந்த குச்சியை எடுத்துப் பந்தைத் தட்டினாள். அப்போது ஒன்பது வயது. இப்போது இருபத்திரண்டு. ஆசியப் பெண்கள் 'ஒன்பது பந்து'ப் போட்டியில் ஆடப் போகிறாள். நான் துணை.

அவள் அம்மா வசந்தாமணிக்கு அங்கன்வாடி வேலையில் லீவு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் நான் இந்த வரியை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். வாசல்வரை வந்த வசந்தாமணி எல்லார் முன்னாலும் சொன்னாள்:

"ஏனுங்க, கூடப் போங்க, சோறு தண்ணி பாத்துக்கோங்க. ஆனா புள்ள ஆடறப்ப உள்ள மட்டும் எட்டிப் பாத்துராதீங்க."

என் ராசி அப்படி. தெய்வசிகாமணி மச்சான் தோட்டத்தில் போர் போட்டார்கள். எண்ணூறு அடியில் ஈர மண் வந்தது. நான் போய் எட்டிப் பார்த்தேன். அதற்குமேல் ஆயிரத்து இருநூறு அடிவரை புகைதான் வந்தது. அன்றிலிருந்து சொந்தத்தில் யார் போர் போட்டாலும் எனக்குப் பவானியில் ஏதாவது வேலை வந்துவிடும். கிரிக்கெட் பைனல் என்றால் மாடிக்குத் துரத்தி, தண்ணீர் டேங்க்கைப் பார்த்துவரச் சொல்வார்கள். இந்தியா ஜெயித்த ஒவ்வொரு முறையும் எங்கள் டேங்க்கில் எத்தனை தண்ணீர் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

ஆகவே சுபி ஆடிய ஒரு மேட்ச்கூட நான் பார்த்ததில்லை. மாவட்டம், மாநிலம், தேசியம் எல்லாவற்றுக்கும் வெளியே நின்று டீ குடித்திருக்கிறேன். வீட்டில் இருக்கும் கோப்பைகளில் என் பங்கு அந்த டீதான்.

இன்னொன்றும் எழுதிவிட வேண்டும். சுபிக்குப் பெங்களூரில் கம்பெனி வேலை கிடைத்திருக்கிறது. டிசம்பர் இரண்டாம் தேதி சேர வேண்டும். அவளுக்கு ஆட்டத்தை விட மனமில்லை. அம்மாவுக்கும் மகளுக்கும் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. "கடைசி எட்டுப் பேருக்குள்ள வந்தா ஒரு வருசம் ஆடு. வரலையா, குச்சியப் பரண்ல போட்டுப்போட்டு ஆபீசுக்குப் போகோணும்." சுபி சரியென்றாள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரிங்க என்றுதான் சொல்லியிருப்பேன்.

நவம்பர் 4, திங்கள்

மணிலா வந்தாயிற்று. புழுக்கம் நம் ஊர்போலவே. போட்டி ஒரு பெரிய கடைவளாகத்தின் நான்காம் மாடியில். வரிசையாகப் பதினாறு மேஜைகள். முதல் மேஜையின் துணியைத் தொட்டுப் பார்த்தேன். நல்ல நெசவு, இழுப்பு பிரமாதம். அடியில் ஆணி எப்படி அடித்திருக்கிறார்கள் என்று குனிந்து பார்த்தபோது நடுவர் ஓடிவந்து என்னை எழுப்பினார். வெடிகுண்டு தேடுகிறேன் என்று நினைத்தாரோ, வைக்கிறேன் என்று நினைத்தாரோ.

"அப்பா, இங்க யாரையும் தெரியாதுங்கறதுக்காக இப்படியெல்லாம் பண்ணாதீங்க" என்றாள் சுபி.

மொத்தம் அறுபத்து நான்கு பேர். தோற்றால் வெளியே. மூன்று மேட்ச் ஜெயித்தால் கடைசி எட்டு.

ஆண்டு விழாவுக்காக ஆட்டத்தை விளக்குகிறேன். மேஜையில் ஒன்றிலிருந்து ஒன்பதுவரை எண் போட்ட பந்துகள். எப்போதும் இருப்பதிலேயே சின்ன எண்ணைத்தான் வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும். ஒன்பதைக் குழியில் தள்ளுகிறவருக்கு அந்த ஆட்டம். அப்படி முதலில் ஏழு ஆட்டம் எடுத்தவருக்கு மேட்ச். இதெல்லாம் எனக்குக் கேள்வி ஞானம்தான். வெளியே நின்றால் கேள்வி ஞானம் மட்டுமே கிடைக்கும்.

நவம்பர் 5, செவ்வாய்

முதல் மேட்ச், வியட்நாம் பெண்ணோடு. அவர்கள் ஊரில் குழியே இல்லாத மேஜையில் பந்தை மூன்று ஓரத்தில் மோதவிட்டு ஆடுவார்களாம், அதுவும் காப்பிக் கடையில். அதனால் எந்தப் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். சுபி சொன்னது. நம் காப்பிக் கடையில் இரண்டு பேர் சேர்ந்தாற்போல் முழங்கையை நீட்ட முடியாது.

சுபி உள்ளே போனாள். நான் நகரும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றேன். பக்கத்தில் ஒருவர் பெரிய டப்பாவில் சோறும் கறியும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரொமுலோ என்று பெயர். ஜீப்னி ஓட்டுகிறார், நம் மினிபஸ் மாதிரி. மகள் ஜோய்லினும் போட்டியில் ஆடுகிறாள். என்னைவிட இரண்டு வயது சின்னவர் என்பதால் என்னைக் குயா என்று கூப்பிட ஆரம்பித்தார். குயா என்றால் அண்ணன்.

"உன் பொண்ணு உள்ளே ஆடுறா. நீ இங்கே சுவரோட என்ன பேசுறே, குயா?"

என் இங்கிலீஷில் சொன்னேன்: ஐ லுக், ஷி லாஸ்.

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "எங்க ஊர்லயும் இருக்கு. மலாஸ்னு சொல்லுவோம். சேவல் சண்டைக்கு என் மாமனாரை யாரும் கூட்டிப்போக மாட்டாங்க" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா பேத்தி ஆடும்போது அவர் முதல் வரிசையிலே உக்கார்ந்திருக்கார்" என்றார். எனக்கும் ஒரு கரண்டி சோறு வைத்தார். புளிப்பான குழம்பு. வசந்தாமணியின் புளிக்குழம்புக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி.

சுபி ஏழுக்கு நான்கு என்று ஜெயித்து வந்தாள். வசந்தாமணிக்குப் போன் போட்டேன்.

"நீங்க எங்க இருந்தீங்க?"

"வெளியதான். சோறு தின்னுட்டிருந்தேன்."

"நல்லது. நாளைக்கும் தின்னுங்க."

நவம்பர் 6, புதன்

இன்று சுபிக்கு ஆட்டம் இல்லை. காலையில் பல் தேய்க்கும்போது ஒரு யோசனை வந்தது. என் ராசியை இத்தனை வருடம் வீட்டுக்குள்ளேயே வீணடித்துவிட்டேன். நான் யாருக்காக ஆசையாகப் பார்க்கிறேனோ அவர்கள் தோற்பார்கள் என்றால், எதிராளிகளுக்காக ஆசையாகப் பார்த்தால் என்ன? அணுகுண்டை வைத்துக்கொண்டு பட்டாசுக்கு அலைந்திருக்கிறேன்.

சுபியிடம் மணிலாவைச் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போட்டி நடக்கும் மாடிக்குப் போனேன்.

முதலில் தைவான் பெண். பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருப்பவள். முன்வரிசையில் உட்கார்ந்து, "தைவான்! தைவான்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அந்தக் கூடத்தில் அப்படிக் கத்தியது நான் ஒருவன்தான். தைவான்காரர்கள் கத்துவதில்லை. பயிற்சியாளர் லியாவ் கையில் அட்டையோடு நிற்கிறார். ஒவ்வொரு அடிக்கும் ஒரு கோடு போடுகிறார். ஒரே அடியை ஒரே இடத்திலிருந்து முந்நூறு தடவை அடிக்க வைப்பாராம். அவள் ஏழுக்கு ஒன்று என்று ஜெயித்தாள்.

முதல் தடவை என்பதால் ராசி இன்னும் சூடாகவில்லை என்று நினைத்தேன்.

அடுத்து ஜப்பான் பெண். இவள் ஜெயித்தால் நாளை சுபியோடு ஆடுவாள். அதனால் இன்னும் ஆசையாகப் பார்த்தேன். என் மகள் என்றே நினைத்துக்கொண்டேன். ஆட்டத்துக்கு முன் மேஜையைப் பார்த்துக் குனிந்து வணங்கினாள். தவறாக அடித்தால் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சரியாக அடித்தாலும் தெரியவில்லை. ஏழுக்கு இரண்டு.

பக்கத்து மேஜையில் சீனப் பெண். எப்படியும் ஒரு ஆள் குறைந்தால் நல்லதுதானே என்று அவளுக்கும் கை தட்டினேன். சின்ன வயதிலேயே பயிற்சிப் பள்ளியில் சேர்த்துவிடுகிறார்களாம், எட்டு மணி நேரம் இதுதான் பாடம். ஏழுக்குப் பூஜ்யம்.

மூன்று பேருக்கு ஆசைப்பட்டேன், மூன்று பேரும் ஜெயித்தார்கள். எனக்கு விசா கிடைத்தது, என் ராசிக்குக் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

லியாவ் வந்து கையைப் பிடித்துக் குலுக்கி, தைவான் அணியின் பேட்ஜை என் சட்டையில் குத்திவிட்டார். கண்கள் கலங்கியிருந்தன. வேண்டாமென்று எப்படிச் சொல்வது?

நவம்பர் 7, வியாழன்

சுபி ஜப்பான் பெண்ணை ஜெயித்துவிட்டாள். ஏழுக்கு ஆறு. இன்னும் ஒன்று ஜெயித்தால் கடைசி எட்டு.

நான் வெளியே படிக்கட்டருகே நின்று அங்கப்பிரதட்சணம் தவிர எல்லாம் செய்தேன். வெளியே நிற்பவனுக்குக் கைதட்டல் மட்டும்தான் கேட்கும். அது யாருக்கான கைதட்டல் என்று தெரியாது. ஒவ்வொரு கைதட்டலுக்கும் பாதி சந்தோஷம், பாதி கவலை. ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை பாத்ரூம் போனேன்.

சுபி வெளியே வந்தாள். சந்தோஷமாகத்தான் வந்தாள். பின்னாலேயே லியாவும் வந்தார்.

"உங்க அப்பா எங்களுடைய பெரிய ரசிகர்" என்றார். "எங்க ஆட்டம், ஜப்பான் ஆட்டம், சீனா ஆட்டம், எல்லாத்தையும் பாத்தார். நல்ல மனுஷன்."

அவர் போனதும் சுபி என் சட்டையைப் பார்த்தாள். பேட்ஜைக் கழற்ற மறந்திருந்தேன்.

"ஏனப்பா, இதென்ன?"

திட்டம் முழுவதையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். படிக்கட்டில் போன ஒரு அம்மா திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் மட்டும் நிறுத்திவிட்டாள்.

"அப்ப ஊரான் புள்ளைக ஆடறதெல்லாம் பாத்துப்போட்டீங்க. நான் ஆடறதத்தான் பாக்கல."

"இல்ல கண்ணு, ராசி..."

"ராசியெல்லாம் சும்மாப்பா. அதான் மூணு பேரும் ஜெயிச்சுட்டாங்களே. உங்களுக்குப் பயம்."

"எனக்கென்ன பயம்?"

"உள்ள ஒவ்வொருத்தர் நாற்காலிக்குப் பின்னாடியும் இன்னொரு நாற்காலி போட்டிருக்கறாங்க, கூட வந்தவங்களுக்கு. ஜோய்லினுக்கு அந்த ஒரு நாற்காலில மூணு பேரு இடிச்சுட்டு உக்காந்திருக்கறாங்க. என்னோடதுல நான் துண்டப் போட்டு வெச்சிருக்கேன். காலியா தெரியக்கூடாதுன்னு."

அறைக்கு வந்தோம். நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தேன். அவளுடைய சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டேன். இந்த ஓட்டல் அறையில் மின்விசிறிச் சத்தம் அதிகம்.

எனக்கென்ன பயம்? எழுதி வைக்கிறேன், எனக்கு ஒரு பயமும் இல்லை.

நவம்பர் 8, வெள்ளி

சனிக்கிழமை மேட்ச் யாரோடு என்று காலையில் ஒட்டினார்கள். ஜோய்லின். ரொமுலோவின் மகள்.

போன் வந்தது. ரொமுலோதான். "குயா, நாளைக்கு நாம எதிரி. அதனாலே இன்னிக்கே வீட்டுக்கு வந்து சாப்பிடு" என்றார். சுபி பயிற்சிக்குப் போய்விட்டாள், நான் மட்டும் போனேன்.

குறுகலான சந்து. வீட்டுக்கு எதிரில் தகரக் கூரை போட்டு ஒரு பூல் மேஜை. ஒரு பக்கம் காய்கறிக் கடை, ஒரு பக்கம் வெல்டிங் பட்டறை. மேஜையின் ஒரு காலுக்குச் செங்கல் முட்டு. மீன் வாங்க வந்தவர் பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போகிறார். வேடிக்கை பார்க்கும் ஏழெட்டுப் பேரும் ஆடுகிறவனுக்கு யோசனை சொல்கிறார்கள். தவறாக அடித்தால் தெருவே கேலி செய்கிறது. ஜோய்லின் ஆடப் பழகியது இதில்தான்.

துணி தொய்ந்து, ஒரு மூலையில் சுருங்கிக் கிடந்தது. எனக்குக் கை பரபரத்தது. தைக்கிறவன் கிழிந்த சீட்டில் நிம்மதியாக உட்கார முடியாது. வெல்டிங் பட்டறையில் குறடும் சுத்தியலும் வாங்கி, ஓரத்து ஆணிகளைக் கழற்றி, துணியை இழுத்துப் பிடித்து மறுபடி அடித்தேன். செங்கல்லுக்குப் பக்கத்தில் அளவாக ஒரு மரத்துண்டையும் செருகி மேஜையைச் சமப்படுத்தினேன். தண்ணீர் வைத்தால் நடுவில் நிற்கும். எல்லாரும் கைதட்டினார்கள்.

பிறகு ஆடினார்கள். ஒரு பந்தும் விழவில்லை.

மீன் வாங்க வந்தவர் அடித்தார், தவறியது. வெல்டிங்காரர் அடித்தார், தவறியது. ஜோய்லினே அடித்தாள், பந்து குழிக்கு ஒரு விரல் தள்ளிப் போனது. தெருவே என்னைத் திரும்பிப் பார்த்தது.

"குயா, கெடுத்துட்டியே!" என்று ரொமுலோ தலையில் கை வைத்தார். "இந்த மூலையிலே அடிச்சா இடது பக்கம் சரியும், நடுவுலே மெதுவா போகும். எல்லாருக்கும் அது மனப்பாடம். இப்ப நேரா போகுதே!"

நேராக்கினதற்காக மன்னிப்புக் கேட்டு, மறுபடி தொய்யவிட்டு, மரத்துண்டையும் உருவினேன். முதல் அடியிலேயே பந்து இடது பக்கம் சரிந்து குழிக்குள் விழுந்தது. அப்புறம்தான் எனக்குச் சோறு போட்டார்கள்.

ராமநாதன் சார், உங்கள் கேள்விக்கு இதை எழுதிக்கொள்ளுங்கள். தைவானில் ஒரு அடியை முந்நூறு தடவை அடிக்கிறார்கள். சீனாவில் பள்ளிக்கூடம். ஜப்பானில் பயபக்தி. வியட்நாமில் காப்பிக் கடை. பிலிப்பைன்ஸில் கோணல் மேஜை. கோணல் மேஜையில் பழகியவன் நேர் மேஜைக்கு வரும்போது, புது மேஜை என்ன சொல்கிறது என்று முதல் பத்து நிமிடம் கேட்பான். நாம் கேட்பதில்லை. நம் மேஜை நேராக இருக்கிறது. ஏசி அறையில் இருக்கிறது. ஷூ போடாமல் உள்ளே விடமாட்டீர்கள். என் மகளை விட்டதுகூடத் துணி மாற்றுகிறவன் மகள் என்பதால், மெம்பர்கள் வராத மதிய நேரத்தில்.

ரொமுலோவும் கேட்டார்: "நூத்திநாப்பது கோடிப் பேர் இருக்கீங்க. ஏன் குயா, பூல்லே உங்களைக் காணோம்?"

"அதுல பாதிப் பேர உள்ள விடமாட்டோம்" என்றேன். "மீதிப் பேர் மாடியில நிக்கறோம்."

அவருக்கு மாடி புரியவில்லை. சிரித்தார். பிறகு சிரிக்காமல் ஒன்று கேட்டார்.

"நாளைக்கு நீ எங்கே இருப்பே?"

இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னேன்.

நவம்பர் 9, சனி. காலை

வசந்தாமணி போன் செய்தாள். "நாளும் கோளும் நல்லா இருக்குது. வெளியவே நில்லுங்க. போனக்கூட அந்தப் பக்கம் காட்டாதீங்க."

சரிங்க என்றேன்.

நவம்பர் 9, சனி. பிற்பகல்

கதவுவரை போனேன். வழக்கம்போல் சுபியின் பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அவள் பையிலிருந்து துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தாள்.

அந்தத் துண்டு நம் ஈரோட்டுத் துண்டு. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பின்னாலேயே போய், அவள் நாற்காலிமேல் அதை விரிப்பதற்குள் உட்கார்ந்துவிட்டேன்.

சுபி என்னைப் பார்த்தாள். துண்டை என் மடியில் போட்டாள்.

முதல் இரண்டு ஆட்டம் தரையைத்தான் பார்த்தேன். நல்ல தரைவிரிப்பு. ஓரம் சரியாக அடிக்கவில்லை. அப்புறம் எப்படியோ கண் மேலே போய்விட்டது.

அவள் குச்சியைப் பந்துக்குப் பின்னால் வைத்துக் குனியும்போது கீழுதட்டைக் கடிக்கிறாள். தோசையைத் திருப்பும்போது வசந்தாமணி கடிக்கிற அதே கடி. இது எனக்குத் தெரியாது. அடிப்பதற்கு முன் பந்திடம் ஏதோ முணுமுணுக்கிறாள். அதுவும் தெரியாது. மேஜையைச் சுற்றி நடக்கும்போது அது தன் வீட்டு முற்றம் மாதிரி நடக்கிறாள். பதின்மூன்று வருடமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றவனுக்கு எதுதான் தெரியும்?

இந்தச் சுற்றில் ஒன்பது ஆட்டம் எடுத்தவருக்குத்தான் மேட்ச். மூன்றுக்கு ஆறு என்று பின்னால் இருந்தாள். என்னால்தான் என்று எழுந்திருக்கப் போனேன். திரும்பிப் பார்க்காமலே, "உக்காருங்கப்பா" என்றாள். உட்கார்ந்தேன். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

நான்கு, ஐந்து, ஆறு. அந்த ஆறாவது ஆட்டத்தில் வெள்ளைப் பந்து மூன்று ஓரத்தில் மோதி, ஒரு பந்துக் கூட்டத்துக்குள் நுழைந்து, இடுக்கில் இருந்த ஒன்றைத் தொட்டுத் தள்ளியது. ரொமுலோ வீட்டார் ஏழு பேரும், முதல் வரிசை மாமனார் உட்பட, தங்கள் பெண்ணுக்கு எதிரான அந்த அடிக்கு எழுந்து நின்று கத்தினார்கள். நான் கத்தவில்லை. மடியில் இருந்த துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். ஏசி அதிகம்.

எட்டுக்கு எட்டு.

கடைசி ஆட்டம். சுபி ஒன்று, இரண்டு என்று வரிசையாகத் தள்ளினாள். எட்டாவது பந்தும் போனது. மிச்சம் ஒன்பது. மூலைக் குழிக்கு நேராக, பார்த்தால் நானே தள்ளிவிடலாம் போல இருந்தது. உதட்டைக் கடித்தாள். அடித்தாள். பந்து குழியின் ஒரு தாடையில் மோதி, இன்னொன்றில் மோதி, வாயிலேயே நின்றுவிட்டது.

ஜோய்லின் வந்தாள். மெதுவாகத் தட்டினாள். முடிந்தது.

ரொமுலோ தன் மகளிடம் போகவில்லை. நேராக என்னிடம் வந்து தோளைப் பிடித்துக்கொண்டார். நான் சுபியைப் பார்த்தேன். அவள் ஜோய்லினுக்குக் கை கொடுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"கண்ண மூடாமயா?"

"ரெண்டு தடவ மூடிப்போட்டேன். ஒன்பதாவது பந்துக்கு மூடல. சத்தியமா மூடல, கண்ணு."

"அந்த மூணு ஓரம் சுத்துன அடி?"

"அத இன்னொருக்கா அடிச்சுக் காட்டறியா?"

சிரித்தாள். அழவில்லை. அந்தத் துண்டு நனைந்திருந்ததற்கு அவள் பொறுப்பில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

நேற்றே போன் செய்திருக்க வேண்டும். தைரியம் வரவில்லை. சுபி பெங்களூர் கம்பெனியின் மெயிலைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தாள். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்றாள். கீழே போய் இரண்டு அவித்த முட்டை வாங்கிவந்தேன். யாரும் சாப்பிடவில்லை.

இன்று காலையில் வசந்தாமணியே கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னாச்சுங்க?"

"தோத்துட்டா. ஒன்பதுக்கு எட்டு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அங்கன்வாடிப் பிள்ளைகளை அதட்டும் குரலுக்குச் சொந்தக்காரி. சத்தமில்லை என்றால் அழுகிறாள் என்று அர்த்தம்.

"ஒரே ஒரு ஆட்டத்துலயா?"

"ஒரே ஒரு பந்துல."

"நீங்க எங்க இருந்தீங்க?"

சுபி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், வெளியே என்று சொல்லுங்கள் என்கிற மாதிரி. நானும் அப்படிச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"உள்ளதான் இருந்தேன்" என்றேன். "நாற்காலி போட்டிருந்தாங்க. முழுசாப் பாத்தேன்."

அதற்குப் பிறகு வந்ததையெல்லாம் ஆண்டு விழாவில் படிக்க முடியாது. படிக்கக்கூடியது மட்டும்: "உங்கள என்ன சொல்லி அனுப்புனேன்! புள்ள எட்டு ஆட்டம் எடுத்திருக்கறா, உங்க கண்ணையும் மீறி! நீங்க வெளிய நின்னிருந்தா இந்நேரம் அவ கடைசி எட்டுல இருந்திருப்பா! வெளங்காத மனுசன்! பெத்த புள்ளையோட பந்தையே போய்க் குழி வாயில நிறுத்திப்போட்டீங்களே!"

"தப்புத்தான்" என்றேன்.

"இது எப்படிங்க தோத்த கணக்காகும்? இது செல்லாது. அவ எங்க தோத்தா? நீங்க தோக்கடிச்சீங்க." மூக்கைச் சிந்தும் சத்தம். "சுபி இருக்கறாளா அங்க? கண்ணு, அந்தக் கம்பெனிக்காரங்ககிட்ட வரலேன்னு சொல்லிப்போடு. வேற கம்பெனி இல்லாமயா போயிரும்? இன்னும் ஒரு வருசம் ஆடு. அடுத்த தடவ லீவு குடுத்தாலும் குடுக்காட்டியும் நான் வர்றேன். உங்கப்பன் கடையப் பாக்கட்டும்."

சுபி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். "சரிம்மா" என்ற குரல் பொத்திய கைக்குள்ளிருந்து வந்தது.

வசந்தாமணிக்கு நான் ஒன்று சொல்லியிருக்கலாம். நான் ஆசைப்பட்டுப் பார்த்த மூன்று பெண்களும் ஜெயித்த விஷயத்தை. அவள் கேட்கவில்லை. நான் வேண்டுமென்றே மறைத்ததாக யாரும் நினைக்கக்கூடாது. வெளிநாட்டுப் போன் வேறு.

நவம்பர் 12, செவ்வாய். ஈரோடு

ராமநாதன் சார் காலையிலேயே கடைக்கு வந்துவிட்டார். வசந்தாமணி தெரு முழுக்கச் சொல்லிவிட்டிருந்தாள்.

"ஏன் சென்னியப்பா, உள்ளே போய் உக்காந்தியாமே. உனக்கு அறிவு வேண்டாமா?" என்றார்.

தெய்வசிகாமணி மச்சானும் வந்தார். "மாப்ள, உங்கள நம்பி அனுப்புனோம் பாருங்க" என்றார். பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர்கூட வந்து அந்தப் பிள்ளையை நினைத்தால் பாவமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாருக்கும் தப்புத்தாங்க, தப்புத்தாங்க என்று சொல்லிக்கொண்டு, ஒரு புல்லட் சீட்டை மடியில் வைத்துக் குனிந்து தைத்துக்கொண்டிருந்தேன். குனிந்தால்தான் முகம் தெரியாது. இந்தச் சமயத்தில் என் முகம் இருந்த லட்சணத்துக்கு, நிமிர்ந்திருந்தால் அடி விழுந்திருக்கும்.